மலையின் பார்வையும் பண்ணையின் கணக்கும்: ஓநாய் இலக்கியம் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

ஈழத்துக் காடுகளில் ஓநாய் இல்லை. ஆட்டுக்குட்டியின்மீது வீண்பழி சுமத்தி அதனைக் கொன்று தின்ற ஓநாயின் கதையைக் கீழ்வகுப்பிற் படித்ததோடு அவ்விலங்குடன் நம்மிற் பலருக்குள்ள உறவு முடிந்துவிடுகின்றது. ஆயினும் வட அமெரிக்காவில் அக்கதை கடந்த எண்பது ஆண்டுகளாகத் தலைகீழாக எழுதப்பட்டு வந்துள்ளது. குற்றவாளிக் கூண்டிலிருந்து ஓநாய் இறங்கிவிட்டது. இப்பொழுது அங்கே மாட்டுப் பண்ணையாளனும் வேட்டைக்காரனும் நிறுத்தப்பட்டுள்ளனர். இம்மாற்றத்தில் இலக்கியத்துக்குக் கணிசமான பங்குண்டு. அவ்விலக்கியம் எதனைக் கண்டது, எதனைக் காணத் தவறியது என்பதை மூன்று ஆக்கங்களின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலாவது, அல்டோ லெயபோல்ட் (1887–1948) எழுதிய ‘மலையைப் போலச் சிந்தித்தல்’ என்னும் சிறு கட்டுரை. அமெரிக்க வன சேவையில் இளம் அதிகாரியாக இருந்த காலத்தில், 1909இல், அரிசோனா மலைப்பகுதியில் ஒரு தாய் ஓநாயைச் சுட்டு வீழ்த்தியவர்களுள் அவரும் ஒருவர். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்கு அதுவே சுவர்க்கம் என்று அன்று அவர் நம்பினார். பின்னர் ஓநாய் அழிந்த மலைகளில் மான்கள் பெருகிச் செடிகொடிகளையெல்லாம் மேய்ந்து தீர்த்ததையும், ஈற்றில் அவையே பசியால் மடிந்ததையும் கண்டு தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1944இல் எழுதப்பட்ட இக்கட்டுரை, அவர் மறைந்த மறு ஆண்டில் வெளிவந்த நூலில் இடம்பெற்று உலகப் புகழ் எய்தியது.

இதன் வலிமை அதன் நேர்மையில் உள்ளது. பிறரைக் குறைகூற முன்னர் தம் கையிலிருந்த துப்பாக்கியையே லெயபோல்ட் குற்றஞ்சாட்டுகிறார். எனினும் அவர் தேர்ந்தெடுத்த பார்வைத் தளம் கேள்விக்குரியது. மலையின் காலம் நெடியது. மானும் ஓநாயும் புல்லும் ஒன்றையொன்று சமன்செய்வதை அது பொறுமையோடு பார்த்திருக்கலாம். ஏனெனில் மலைக்குக் கடன் இல்லை. பண்ணையாளனின் காலமோ ஓராண்டு. இளவேனிலிற் பிறக்கும் கன்றை இலையுதிர் காலத்தில் விற்றே வங்கிக் கடனையும் வைக்கோற் செலவையும் அவன் தீர்த்தாக வேண்டும். ஓநாயின் பணியைத் தானே ஏற்றுக்கொள்ள வேண்டியிருப்பதை அறியாதவனாக லெயபோல்ட் அவனைக் காட்டுகிறார். அது ஓரளவு உண்மையே. ஆனால் அறியாமை ஒன்றே அவனது சிக்கல் என்பது முழு உண்மையன்று.

இரண்டாவது நூலில் இக்குறை பெருங்குறையாகின்றது. கனடிய எழுத்தாளர் பார்லி மோவற் 1963இல் வெளியிட்ட ‘நெவர் க்றை வூல்ப்’, ஓநாய்களைக் குற்றவாளிகளாக நிறுவும்பொருட்டு அரசாங்கம் வடதுருவப் பகுதிக்கு அனுப்பிய இளைஞன், அவற்றின் குடும்ப வாழ்வில் மனம் பறிகொடுத்த கதையைக் கூறுவது. எலிகளைத் தின்று வாழும் அன்பான தாய்தந்தையராக ஓநாய்கள் தோன்றுகின்றன. அழிவு செய்பவன் மனிதனே. நூலிற் கூறப்பட்டவை பலவற்றைக் காட்டுயிர் அறிஞர்கள் அக்காலத்திலேயே மறுத்தனர். ஆயினும் நூலும் 1983இல் அதன் வழியாக வந்த திரைப்படமும் நகர மக்களின் உள்ளத்தில் ஓநாயின் உருவத்தை மாற்றியமைத்தன. பழைய கதையில் ஓநாய் முழுப் பொல்லாதது; புதிய கதையில் அது முழு நல்லது. இரண்டும் விலங்கை விலங்காக நோக்கவில்லை. கொடியவன் என்ற பாத்திரம் காலியாகவில்லை. ஆள் மட்டுமே மாறியிருக்கிறது.

இவ்வாறு இலக்கியம் பண்படுத்திய நிலத்திலேயே சட்டம் விதைத்தது எனலாம். யெலோஸ்ரோன் தேசியப் பூங்காவின் கடைசி ஓநாய்கள் 1926இற் கொல்லப்பட்டன. 1973இல் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. 1995இலும் 1996இலும் கனடாவிற் பிடிக்கப்பட்ட 31 ஓநாய்கள் பூங்காவில் விடப்பட்டன. மத்திய ஐடகோவில் மேலும் 35 விடப்பட்டன. சூழலியல் நோக்கில் இது வரலாற்றுச் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பண்ணையாளரின் முறைப்பாட்டை அறியாமை என்று ஒதுக்குதல் பொருந்தாது. மொத்தக் கால்நடை இழப்பில் நோயும் குளிரும் ஈற்றுக் கேடும் விளைவிப்பதோடு ஒப்பிடுகையில் ஓநாயின் பங்கு மிகச் சிறிது என்பது உண்மையே. ஆனால் அச்சிறு இழப்பு எல்லோர்மீதும் சமமாகப் பரவுவதில்லை. ஓநாய்க் கூட்டம் தங்கிய பள்ளத்தாக்கிலுள்ள சில குடும்பங்களின் தலையிலேயே விழுகின்றது. நட்டஈடு பெறுவதற்குச் செத்த கன்றின் உடலைக் காட்டி, ஓநாயே கொன்றதென்று அதிகாரி உறுதிசெய்ய வேண்டும். பரந்த மலைமேய்ச்சற் காட்டில் உடல் கிடைக்குமுன்னரே நரியும் கழுகும் அதனைத் தீர்த்துவிடுகின்றன. அச்சத்தால் மெலிந்த மாட்டுக்கும் சினைப்படாத பசுவுக்கும் காட்டுவதற்கு உடல் ஏது?

வேட்டைக்காரரின் மனக்குறை வேறு வகையானது. துப்பாக்கி, தோட்டாக்கள் மீதான, 1937ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென ஒதுக்கிய வரியும், அனுமதிப்பத்திரக் கட்டணமும் காட்டுயிர்ப் பராமரிப்புக்குப் பெருநிதி அளித்துவந்துள்ளன. தம் பணத்தாற் பெருகிய எல்க் மான்களை ஓநாய்க்கு இரையாக்கியது யார் என அவர்கள் வினவுகின்றனர். வட யெலோஸ்ரோன் எல்க் கூட்டம் 1994இல் ஏறத்தாழ 19,000 ஆக இருந்து 2013இல் 4,000 அளவுக்குக் குறைந்தது. இதற்கு ஓநாயை மட்டுமே பொறுப்பாக்குதல் தவறு; கரடியின் பெருக்கம், வரட்சி, மனிதரின் வேட்டை ஆகியனவும் காரணங்களே. ஆனால் அவர்களது மற்றொரு குற்றச்சாட்டுக்கு விடை கூறுதல் எளிதன்று. மூன்று மாநிலங்களில் 300 ஓநாய்கள், 30 இனப்பெருக்கச் சோடிகள் என்ற இலக்கு 2002அளவில் எட்டப்பட்டது. எனினும் வழக்குகள் தொடர்ந்தன; ஐடகோவிலும் மொன்ரானாவிலும் சட்டப் பாதுகாப்பை நீக்க 2011இல் காங்கிரசின் தலையீடே தேவைப்பட்டது. எல்லைக்கோடு நகர்த்தப்படுகிறது என்ற கசப்பு அங்கே வேரூன்றியது. 2021இல் ஐடகோ ஓநாய்க் கொலையை ஏறக்குறைய வரையறையின்றி அனுமதித்தமை அறிவின்பாற்பட்டதன்று. ஆனால் அக்கசப்பையன்றி அதனை விளங்கிக்கொள்ளவும் முடியாது.

இவ்விடத்திலேயே மூன்றாவது ஆக்கமாகிய, கோர்மாக் மக்காத்தியின் ‘த குறொசிங்’ (1994) நாவல் முக்கியத்துவம் பெறுகின்றது. நியூ மெக்சிக்கோவின் மாட்டுப் பண்ணையொன்றைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுவன், கன்றுகளைக் கொல்லும் சினை ஓநாயைப் பொறிவைத்துப் பிடிக்கிறான். பிடித்தபின் கொல்ல மனமின்றி, அது வந்த மெக்சிக்கோ மலைகளுக்கே அதனைக் கொண்டுசெல்லப் புறப்படுகிறான். அங்கே அது அவனிடமிருந்து பறிக்கப்பட்டு, நாய்களோடு பொருதும் கேளிக்கைப் பொருளாகின்றது. ஈற்றில் அவனே அதனைச் சுட்டு, தன் துப்பாக்கியை விலையாகக் கொடுத்து அதன் உடலைப் பெற்று மலையிற் புதைக்கிறான். வீடு திரும்பும்போது பெற்றோர் கொலையுண்டு, குதிரைகள் களவுபோயிருப்பதைக் காண்கிறான்.

மக்காத்தி எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. ஓநாய் கன்றைக் கொல்கிறது என்பதை அவர் மறைப்பதில்லை. அதன் மேன்மையையும் மறைப்பதில்லை. அதற்காக இரங்குபவன் தொலைவிலிருந்து வந்த நகரத்தவன் அல்லன். பொறியை வைத்த அதே கைகளுக்குரியவன். இரக்கத்தின் விலையைச் செலுத்துபவனும் அவனே. ஓநாயையும் பண்ணையையும் ஒரே நெஞ்சினுள் மோதவிட்டமையாலேயே இந்நாவல், கொள்கையளவில் லெயபோல்ட்டின் கட்டுரையினும் குறைவாகக் கூறியபோதிலும், வாழ்வளவில் அதனினும் ஆழமாகச் செல்கின்றது.

இரக்கம் ஒருவருடையதாகவும் விலை மற்றொருவருடையதாகவும் இருக்கையில் நேர்வதற்குக் கொலராடோ மாநிலம் சான்று. ஓநாயை மீளக் கொணர்வதா என்பது 2020இல் அங்கு பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் ஏறத்தாழ 57,000 வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. ஆதரவு பெரும்பாலும் டென்வர் முதலிய கிழக்கு நகரங்களிலிருந்து வந்தது. ஓநாய் விடப்படவேண்டிய மேற்குச் சரிவின் பெரும்பகுதி எதிர்த்து வாக்களித்தது. 2023 டிசம்பரில் ஒறிகனிலிருந்து பத்து ஓநாய்கள் கொணரப்பட்டன. சில மாதங்களுள் கன்றுகள் கொல்லப்படலாயின. விலங்கொன்றுக்கு 15,000 டொலர் வரை நட்டஈடு வழங்கவும், எடைக் குறைவு போன்ற மறைமுக இழப்பைக் கருத்திற்கொள்ளவும் அம்மாநிலம் முன்வந்தமை நல்ல பாடமே. ஆனால் கேட்கப்படாமல் முடிவெடுக்கப்பட்டவனின் மனக்காயத்தைப் பணம் முழுமையாக ஆற்றிவிடாது.

படுவான்கரையிலோ வன்னியிலோ பிறந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தோர்க்கு இச்சிக்கல் அந்நியமானதன்று. யானை இங்கு மீளக் கொணரப்பட்டதன்று. அது என்றும் இங்கிருந்தது. ஆயினும் இரவு முழுதும் வயற்காவற் பரணில் விழித்திருப்பவனும், யானையின் கம்பீரத்தைப் படத்திற் பார்த்து மகிழ்பவனும் ஒருவரல்லர் என்பதை நாம் அறிவோம்.

ஓநாய் வாழவேண்டும் என்பதில் எமக்கு மாறுபாடில்லை. லெயபோல்ட் கண்ட மொட்டை மலைகள் பொய்யல்ல. ஆனால் ஓர் உயிரினத்தைக் காக்கும் இலக்கியம், அதனோடு ஒரே வேலிக்குள் வாழும் மனிதனை மூடனாகவோ கொடியவனாகவோ சித்திரித்துத்தான் அதனைச் செய்யவேண்டும் என்பதில்லை. அவ்வாறு செய்யும்போது அது தான் காக்க விரும்பிய விலங்குக்கே பகை தேடுகின்றது. மலையைப் போலச் சிந்திக்கக் கற்ற இலக்கியம், மலையடிவாரத்தில் விளக்கேற்றிக் கன்றுகளை எண்ணிக்கொண்டிருப்பவனைப் போலவும் சிந்திக்கக் கற்றல் வேண்டும்.