மேற்குநிலத் திரைப்படங்களில் அச்சமும் மருட்கையும்

முன்னுரை

குதிரையும் துப்பாக்கியும் ஆளரவமற்ற வெளியும் கொண்டு அமெரிக்க நாட்டில் எடுக்கப்பெறும் கதைப்படங்களை அந்நாட்டார் ‘வெஸ்டர்ன்’ என்பர். நம் மக்கள் ‘கௌபாய்ப் படம்’ என வழங்குவர். மிசிசிப்பி ஆற்றிற்கு மேற்கே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடியேறியோர் வாழ்வே இவற்றின் பொதுப்பொருள். ஆதலின் இக்கட்டுரை இவற்றை ‘மேற்குநிலப் படங்கள்’ எனக் குறிக்கும். இவற்றுள் பெருநிறுவனங்களின் துணையின்றிச் சிறு முதலில் எடுக்கப்பெற்று, பேயும் பிற வியத்தகு பொருள்களும் விரவி வருவன ஒரு தனிக்கிளையாக வளர்ந்துள்ளன.

இக்கிளையை வெறும் வேடிக்கை எனத் தள்ளுதல் எளிது. தள்ளத்தக்க படங்களும் இதனுள் பல உள. ஆயினும், பழைய மேற்குநிலப் படங்கள் சொல்லத் தயங்கிய ஓர் உண்மையை இக்கிளையின் சிறந்த படங்கள் சொல்லுகின்றன. அந்நிலம் வெற்றிடமாக இருந்து பெறப்பட்டதன்று, பிறரிடமிருந்து கவரப்பட்டது என்பதே அவ்வுண்மை. பேய் அதனை வெளிப்படுத்தவும் கூடும், மறைக்கவும் கூடும். எப்படம் எதனைச் செய்கின்றது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அளவுகோல்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு எனத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும். அவை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பன. மருட்கையாகிய வியப்பிற்கும் புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என நான்கு களன்களை அந்நூல் வகுக்கும். ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாகத் திரிதல். பிறநாட்டுக் கலைக்கு நம் இலக்கணத்தை வலிந்து பொருத்துதல் முறையன்று. எனினும், அச்சத்தின் வேர்களைப் பிரித்துக் காண்பதற்கு இப்பாகுபாடு நன்கு பயன்படுதலின், அதனை ஓர் அளவுகோலாக மட்டும் ஈண்டுக் கொள்கின்றோம்.

பழைய மேற்குநிலப் படங்களில் அச்சம் பெரும்பாலும் ஒரே களனிலிருந்து பிறந்தது, அது கள்வர். வங்கியைக் கொள்ளையிடுவோரும், மாட்டு மந்தையைக் கவர்வோரும், வண்டிகளைத் தாக்கும் பழங்குடியினரும் ஒருங்கே அவ்விடத்தில் நிறுத்தப்பெற்றனர். தம் நிலத்தைக் காக்கப் போரிட்டோரும் கள்வரெனவே காட்டப்பெற்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அணங்கு அந்நிலத்துள் புகுந்தபோது இவ்வமைப்பு யாது ஆயிற்று என்பதே நம் வினா.

தொடக்கக் கலப்புகள்

1935ஆம் ஆண்டில் மாஸ்காட் என்னும் சிறு நிறுவனம் ‘தி ஃபேண்டம் எம்பயர்’ என்ற 12 பகுதிகள் கொண்ட தொடர்ப்படத்தை வெளியிட்டது. பாடகர் ஜீன் ஆட்ரி அதில் தம் பெயருடைய பாத்திரமாகவே நடித்தார். அவருடைய பண்ணைக்கு அடியில், பூமியின் ஆழத்தில், முரானியா என்றொரு பேரரசு உள்ளது. அங்கே இயந்திர மனிதர் உளர். ஓர் அரசியும் உளள். அத்தனை இடர்களுக்கும் இடையே, வானொலியில் பாடவேண்டிய வேளை தவறினால் பண்ணையை இழக்க நேரும் என்பதால், கதைத்தலைவர் மேலே ஓடிவந்து பாட்டுப்பாடி மீள்கிறார். இது சிரிப்பிற்கு இடமாயினும், புதுமை என்னும் மருட்கைக் களன் மேற்குநிலத்துள் முதன்முதல் புகுந்தோருக்குக் காட்டிய துணிவு இதில் தெரிகின்றது. அச்சம் மட்டும் இதில் இல்லை.

1966ஆம் ஆண்டில் வில்லியம் போடின் இயக்கிய இரு படங்கள் இணையாக வெளிவந்தன. ஒன்று ‘பில்லி தி கிட் வெர்சஸ் டிராகுலா’. மற்றொன்று ‘ஜெஸ்ஸி ஜேம்ஸ் மீட்ஸ் ஃபிராங்கன்ஸ்டைன்ஸ் டாட்டர்’. முன்னதில் ஜான் கராடைன் குருதியுண்ணும் பேயாக நடித்தார். துப்பாக்கிக் குண்டு தைக்காத அப்பேய், கதைத்தலைவன் துப்பாக்கியையே வீசி எறிய, அவ்வடியால் மயங்கி வீழ்கின்றது. பின்னதன் பெயரில் ‘மகள்’ என்றிருப்பினும், கதையில் வருபவள் பேர்த்தியே. பெயரிடுவதிற்கூட கவனம் செலுத்தப்பெறவில்லை.

இவற்றின் குறை வறுமை அன்று, பொருத்தமின்மையே. ஒரு நிலத்தின் கருப்பொருள் மற்றொரு நிலத்தில் மயங்கி வருதலைத் தமிழ் மரபு ஒப்பும். ஆனால், வந்த பொருள் வந்த நிலத்தோடு இயைந்து, அந்நிலத்தைப் பற்றி எதனையேனும் உணர்த்துதல் வேண்டும். ஐரோப்பியக் கோட்டையில் வாழ்ந்த பேய் இவண் வந்து நிற்கின்றது. நிலத்தோடு அதற்கு உறவு யாதும் இல்லை.

இதற்கு மாறாக, இவற்றிற்கு 7 ஆண்டுகள் முன்னரே 1959இல் எட்வர்ட் டீன் இயக்கிய ‘கர்ஸ் ஆஃப் தி அன்டெட்’ ஒரு வழியைக் காட்டியிருந்தது. பெருநிறுவனமாகிய யூனிவர்சல் வெளியிட்டதாயினும், அது சிறு முதலிலேயே எடுக்கப்பெற்றது. கூலிக்குக் கொலைபுரியும் துப்பாக்கி வீரனே அதில் குருதியுண்ணும் பேய். குண்டு தைத்தாலும் அவன் சாவதில்லை. ஆதலின் எதிரி முந்திச் சுட்டாலும் வெற்றி அவனுக்கே. அவன் யார் என ஆராயும்போது, அந்நிலத்தை முன்னர் உடைமையாகக் கொண்டிருந்த ஸ்பானியக் குடும்பத்தின் மகன் எனத் தெரியவருகின்றது. இழந்த நிலத்திற்கு முன்னை உரியவன் அணங்காகி மீளுகின்றான் என்னும் கருத்தின் வித்து இதில் உள்ளது. படம் அதனை வளர்க்காது விட்டது.

குண்டும் ஒளியும்

கேத்தரின் பிகலோ 1987ஆம் ஆண்டில் இயக்கிய ‘நியர் டார்க்’ இக்கிளையின் திருப்பம் எனலாம். அவரும் எழுத்தாளர் எரிக் ரெட்டும் முதலில் மேற்குநிலப் படம் ஒன்றையே எடுக்க விரும்பினர். அக்காலத்தில் அத்தகைய படத்திற்குப் பொருளுதவி கிட்டுதல் அரிதாயிற்று. ஆதலின் அதனோடு பேய்க்கதையை இணைத்தனர். பொருள் முடையால் பிறந்த இக்கலப்பு கலைப்பயனையும் தந்தது.

கதை நிகழ்வது படம் எடுக்கப்பெற்ற காலத்திலேயே. பேய்க்குழு ஒன்று சன்னல்களை மறைத்த வண்டிகளில் மேற்குநிலமெங்கும் அலைந்து, இரவில் கொன்று, பகலில் ஒளிகின்றது. குருதியுண்ணும் பேயைக் குறிக்கும் ‘வாம்பயர்’ என்ற சொல் இப்படத்தில் ஓரிடத்தும் வருவதில்லை. குழுவின் தலைவன் அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னாட்டார் பக்கம் நின்று தோற்றவன். பழைய போரின் தோல்வியும் வன்முறையும் சாகாது நெடுஞ்சாலையில் திரிகின்றன என்பது இதனால் குறிப்பாகப் பெறப்படுகின்றது.

இப்படத்தின் சிறப்பிற்கு ஒரு காட்சியே போதிய சான்று. பகற்பொழுதில் காவலர் பேய்கள் தங்கிய விடுதியறையைச் சூழ்ந்து சுடுகின்றனர். குண்டுகள் அவற்றை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் சுவரில் விழுந்த துளைகள்தோறும் ஞாயிற்றின் ஒளி கதிராகப் பாய்ந்து அவற்றைச் சுடுகின்றது. மேற்குநிலப் படத்தின் நிலையான உறுப்பாகிய துப்பாக்கிப் போரும், பேய்க்கதையின் நிலையான உறுப்பாகிய பகலொளி அச்சமும் ஒன்றாயின. இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சுவரும் துளையும் விளக்குமே போதும். கலப்பு என்பது இரண்டினை அடுத்தடுத்து வைத்தல் அன்று, ஒன்றினால் மற்றொன்றை இயங்கச் செய்தல் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. குருதி மாற்றத்தால் பேய்த்தன்மை நீங்கி எல்லாம் நலமாக முடிவது மட்டும் கதையின் ஆழத்திற்கு ஒவ்வாத எளிய முடிவு.

வெளியின் பெருமை

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச்சட்டம் ஒருவருக்கு 160 ஏக்கர் வழங்க வகைசெய்தது. பெற்றவர் 5 ஆண்டுகள் அங்கே வாழ்ந்து பயிரிடுதல் வேண்டும். இதன் விளைவாக, ஒரு வீட்டிற்கும் அடுத்த வீட்டிற்கும் இடையே நெடுந்தொலைவு ஏற்பட்டது. அத்தனிமையின் கொடுமையைப் பெண்ணொருத்தியின் நிலையில் நின்று காட்டுவது எம்மா தாமி 2018இல் இயக்கிய ‘தி விண்ட்’ என்னும் படம்.

லிஸ்ஸி என்னும் பெண் தன் கணவனோடு சமவெளியில் வாழ்கின்றாள். அண்டையில் குடியேறிய இளம்பெண் இறந்துபட, கணவனும் வெளியூர் செல்ல, அவள் தனித்து விடப்படுகின்றாள். இரவில் கதவருகே வருவது காற்றா, ஓநாயா, சமயநூல் கூறும் தீய ஆவியா, அன்றித் துயருற்ற அவள் உள்ளமேயா என்பது துணியப்படுவதில்லை. நிகழ்ச்சிகள் காலமுறையில் வாராது முன்பின்னாக மாறி வருதலின், காண்போரும் அவளைப் போலவே துணிவின்றி நிற்கின்றனர். விலங்கும் அணங்கும் ஈண்டு ஒன்றனுள் ஒன்று மறைகின்றன. வெளியின் பெருமையே மருட்கையாய், அம்மருட்கையே அச்சமாய்த் திரிகின்றது.

சிறு முதலின் பயன் இதில் புலனாகும். பேயுருவைக் காட்டுதற்கே செலவு மிகும். நிலத்தைக் காட்டுதற்குச் செலவு குறைவு. காட்டாது விடப்பட்டதனைக் காண்போர் உள்ளம் தானே படைத்துக் கொள்கின்றது. எனினும் ஒரு குறையைச் சுட்டாது விடுதல் இயலாது. குடியேறியோருக்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்தோரைப் பற்றி இப்படம் ஏறத்தாழ வாய்திறவாது. நிலம் தொடக்கம் முதலே வெறுமையாக இருந்தது போன்ற எண்ணத்தையே அது விட்டுச் செல்கின்றது.

இரு படங்கள்: ஓர் ஒப்பீடு

ஜே. டி. பெட்டி இயக்கிய ‘தி பரோயர்ஸ்’ 2008இல் வெளிவந்தது. அதன் கதை 1879இல் டகோட்டா நிலப்பகுதியில் நிகழ்கின்றது. குடியேறிய குடும்பம் ஒன்று தாக்கப்பெற, சிலர் காணாமற் போகின்றனர். பழங்குடியினரே கவர்ந்து சென்றனர் எனக் கருதி ஒரு குழு தேடிப் புறப்படுகின்றது. இது பழைய மேற்குநிலப் படத்தின் தொடக்கமே. ஆனால் கொன்றவை மண்ணுக்கடியில் வாழும் உயிர்கள். மனிதரை நஞ்சால் செயலற்றவராக்கி, உயிரோடு புதைத்து வைத்துப் பின்னர் உண்ணும் இயல்பின அவை. முன்னாளில் அவை காட்டெருமைகளை உண்டு வாழ்ந்தன. வெள்ளையர் எருமைக் கூட்டங்களை அழித்தபின் மனிதரை உண்ணத் தொடங்கின.

1870களில் தோலுக்காக எருமைகள் பெருவாரியாகக் கொல்லப்பட்டது வரலாறு. அதனையே கதையின் காரணமாக்கியது இப்படத்தின் பெருஞ்சிறப்பு. மேலும், கூறப்பட்ட அச்சக் களன் நான்கும் இதில் ஒருங்கே இயங்குகின்றன. கள்வரென்று ஐயுறப்பட்டோர் கள்வர் அல்லர். அணங்கெனத் தோன்றியது பசியுற்ற விலங்கு. அவ்விலங்கை மனிதர்பால் திருப்பியது நிலத்தைக் கவர்ந்த குடியேற்றம். எல்லாவற்றினும் கொடியது படைத்தலைவனாகிய இறை. அவ்வுயிர்களை வெல்லும் வழியறிந்த பழங்குடியினரைப் படையினர் தூக்கிலிட்டு விடுகின்றனர். அறிவும் அவர்களோடு அழிகின்றது. அவ்வுயிர்களின் முழுவுருவம் காட்டப்பெறும் பகுதியில் அச்சம் தளர்கின்றது என்பது உண்மையே. அக்குறை இம்முடிவின் வலிமையைக் குறைக்கவில்லை.

எஸ். கிரெய்க் ஸாலர் 2015இல் இயக்கிய ‘போன் டோமஹாக்’ இதனினும் மிகுந்த புகழ் பெற்றது. ஏறத்தாழ 18 இலட்சம் டாலர் செலவில் 21 நாள்களில் படம்பிடிக்கப்பெற்றது. அமெரிக்கத் திரைத்துறையில் இது மிகச் சிறு தொகையாகும். கவர்ந்து செல்லப்பட்டோரை மீட்க நால்வர் செல்கின்றனர். அவருள் ஒருவர் கால் முறிந்தவர். குதிரைகளையும் இழந்து அவர்கள் நடந்து செல்லும் நெடுவழியிலேயே படத்தின் பெரும்பகுதி கழிகின்றது. அவர்தம் பேச்சில் நாம் கொண்ட அன்பே பின்னர் வரும் கொடுமையைத் தாங்கொணாததாக்குகின்றது. பாத்திரப் படைப்பில் இக்கிளையில் இதற்கு ஒப்பானது அரிது.

ஆயினும் இதன் அணங்குகள் யாவர் என்பது வினாவத்தக்கது. அவர்கள் குகைவாழ்நர், மனித ஊன் உண்போர், தொண்டையில் பதித்த எலும்பால் ஊளையிடுவதன்றி வேறு மொழி இல்லாதோர். அவர்கள் தம் இனத்தார் அல்லர் என்று பழங்குடியினர் ஒருவர் வாயாலேயே தொடக்கத்தில் சொல்லப்படுகின்றது. பழியினின்று தப்புதற்கு அமைத்த வாயில் இது. பகைவரைப் பழங்குடியினர் அல்லர் எனக் கூறிவிட்டு, பழைய படங்கள் பழங்குடியினர்மேல் ஏற்றிய கொடுமை முழுவதையும் அவர்மேல் ஏற்றுதல் இயல்கின்றது. அவருக்கு மொழி இல்லாதபடியால் நிலத்தைப் பற்றிய அவர் வழக்கை நாம் கேட்கவும் வேண்டுவதில்லை. தம் புதைகாட்டில் அயலார் அடிவைத்தமையே அவர் சினத்திற்குக் காரணம் எனக் கதை தொடங்குகின்றது. அக்காரணம் பின்னர் மறக்கப்படுகின்றது.

அச்சமூட்டுதலே இத்தகைய படத்தின் பணி, அறம் வினாவுதல் பொருந்தாது எனச் சிலர் கூறலாம். யாரைக் கண்டு அஞ்சவேண்டும் எனக் காட்டுவதே ஒரு தீர்ப்பாகும். அத்தீர்ப்பைப் படம் வழங்கும்போது அதனை ஆராய்தல் திறனாய்வாளன் கடன்.

முடிவுரை

சிறு முதலால் இக்கிளை இருவகைப் பயன் பெற்றது. ஒன்று, காட்டாது உணர்த்தும் முறை. மற்றொன்று, பெருநிறுவனங்கள் விரும்பாத முடிவைச் சொல்லும் உரிமை. வழியறிந்தோர் தூக்கிலிடப்பட்டு, எஞ்சியோர் தம் அறியாமையோடு விடப்படும் முடிவை வணிகம் எளிதில் ஏற்பதில்லை. கலைத்திறத்தால் ‘போன் டோமஹாக்’ உயர்ந்ததாயினும், இவ்வுரிமையை நன்கு பயன்படுத்தியது ‘தி பரோயர்ஸ்’ எனவே கொள்கின்றோம். அணங்கு மேற்குநிலத்திற்கு வெளியிலிருந்து வரவேண்டுவதில்லை. அந்நிலம் கைம்மாறிய வரலாற்றிலேயே அது உளது. அதனை அங்கே தேடிய படங்களே நம் நெஞ்சில் நிற்கின்றன.