எண்ணிட்ட எஞ்சின்களும் விழுப்புரத்துக் கரி எஞ்சினும்

விழுப்புரம் ஜங்ஷனில் ஐந்து திசைத் தண்டவாளங்கள் கூடுகின்றன. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஒன்று. விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்கு ஒன்று. கடலூர், மயிலாடுதுறை வழியாகப் பழைய மெயின் லைன். புதுச்சேரிக்கு ஒரு கிளை. திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்கு இன்னொன்று. மீட்டர் கேஜ் காலத்தில் இது கரி எஞ்சின்களின் ஊர். 1960-களில் சென்னையிலிருந்து விழுப்புரம் வரை பாதை மின்மயமான பிறகு, தெற்கே போகும் விரைவு வண்டிகளில் மின்சார எஞ்சினைக் கழற்றிவிட்டு நீராவி எஞ்சினைப் பூட்டும் இடமாகவும் ஆனது.

அந்தக் காலத்து எஞ்சின் ஒன்றின் சிறிய மாதிரி வீட்டில் இருக்க வேண்டும் என்று இந்த வட்டாரத்துக்காரர் ஒருவர் ஆசைப்பட்டால், உலகச் சந்தை அவருக்கு எதைக் கொடுக்கிறது? பிரிட்டனின் ‘பிளையிங் ஸ்காட்ஸ்மே’னைக் கொடுக்கிறது. 1923-இல் கட்டப்பட்ட அந்த ஒற்றை எஞ்சினின் நூற்றாண்டுக்கு, மாதிரி ரயில்கள் தயாரிக்கும் ஹார்ன்பி நிறுவனம் சிறப்புப் பதிப்புகளையே வெளியிட்டது. இந்தியா என்றால் டார்ஜிலிங் மலை ரயிலின் குட்டி எஞ்சின் கிடைக்கும். நம் சமவெளியில் ஊர் ஊராக மனிதர்களை ஏற்றிச் சென்ற ஒய்.பி. வகை எஞ்சின் 1949 தொடங்கி 871 கட்டப்பட்டது. பெரும்பகுதி ஜாம்ஷெட்பூரில் டெல்கோ ஆலையில் உருவானது. சரக்கு வண்டிகளுக்கான ஒய்.ஜி. ஆயிரத்தைத் தாண்டியது. கடை அலமாரியில் இவற்றைத் தேடுகிறவர் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

லிமிடெட் எடிஷன் மாதிரி எஞ்சின்களைச் சேகரிப்பதையும் அவற்றை நம் விருப்பப்படி மாற்றியமைப்பதையும் இந்த வெற்றிடத்தை மனத்தில் வைத்து எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன். வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவும் வேண்டாம், பாரம்பரியப் பாதுகாப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் வேண்டாம்.

எண்ணிக்கை தரும் மதிப்பு

ஒரு மாதிரி எஞ்சினைத் தயாரிப்பதில் பெருஞ்செலவு அச்சுக்குத்தான். எஃகில் வெட்டிய அச்சு ஒருமுறை தயாராகிவிட்டால் ஆண்டுக்கணக்கில் அதில் வார்க்கலாம். அடுத்து வருவது வண்ணமும் எண்ணும். ஒரு தொகுதிக்குப் பச்சை, அடுத்ததற்குக் கறுப்பு, ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர்ப் பலகை. அவற்றுள் சில நூறு அல்லது சில ஆயிரம் பெட்டிகளில் எண்ணிட்ட சான்றிதழை வைத்தால் லிமிடெட் எடிஷன் தயார்.

இந்த முறையின் நன்மையை மறைக்கக் கூடாது. எத்தனை விற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், பரவலாகப் பேர் தெரியாத எஞ்சினை உருவாக்கும் துணிச்சல் ஒரு நிறுவனத்துக்கு வரும். ஜப்பானிலும் கொரியாவிலும் பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கையால் செய்த மாதிரிகள் சின்னத் தொகுதிகளாகத்தான் வந்தன. பெருவாரி உற்பத்தியை மட்டும் நம்பியிருந்தால் அவற்றில் பல பிறந்தே இருக்காது. சேகரிப்பவரின் கூர்ந்த பார்வைக்கும் இதில் பங்குண்டு. கொதிகலன் மேல் ஒரு குழாய் இடம் மாறியிருந்தால்கூட அவர் கண்டுபிடித்துக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே நிறுவனங்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுக்கின்றன.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவதால் வரும் பற்றாக்குறை விற்பவர் உண்டாக்கியது. அதே அச்சில் அடுத்த ஆண்டு வேறொரு எண்ணோடு வேறொரு பதிப்பு வரலாம். சான்றிதழில் இருக்கும் எண், அந்த எஞ்சின் எந்தப் பாதையில் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்ற எதையும் சொல்வதில்லை. பின்னாளில் நல்ல விலைக்குப் போகும் என்று வாங்குகிறவர், இன்னொருவரும் அதே நினைவை மதிப்பார் என்று பந்தயம் கட்டுகிறார். நீராவி வண்டியில் ஏறியே இராத தலைமுறை வாங்கும் வயதுக்கு வரும்போது அந்தப் பந்தயம் செல்லுமா என்பதற்கு உறுதி கிடையாது.

மூடிய பெட்டி காக்குமா?

பெட்டியைத் திறக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை சேகரிப்பாளர்களிடம் ஆழமாக இருக்கிறது. பொருளின் இயல்பு அதற்கு எதிராக இருக்கிறது. பழைய பித்தளை மாதிரிகளைச் சுற்றிவைத்த பஞ்சு நுரை காலப்போக்கில் பொடிந்து, பிசுபிசுத்து, பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்து எடுத்தால் வண்ணமும் சேர்ந்து வரும். பல்சக்கரத்தில் இட்ட கிரீஸ், ஓடாமல் கிடந்தால் இறுகிவிடும். துத்தநாகக் கலவையில் வார்த்த பழைய சட்டங்களில், வார்க்கும்போது ஈயம் கொஞ்சம் கலந்திருந்தாலும், பல ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே விரிசல் விட்டு உடலைப் பிளக்கும். விழுப்புரம் வெயிலும் கடற்கரை மாவட்டத்தின் ஈரக்காற்றும் இவை எதற்கும் நல்லதல்ல. ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெளியே எடுத்து, துடைத்து, எண்ணெய் விட்டு, சிறிது நேரம் ஓடவிட்ட எஞ்சின்தான் நீடிக்கும்.

பார்க்க ஆள் இல்லாத சேகரிப்பு இன்னொரு வகையிலும் வீணாகிறது. நம் வீடுகளில் கொலு வைக்கிறவர்கள் பொம்மையைப் பரணில் ஏற்றி மறந்துவிடுவதில்லை. ஒன்பது நாள் படியில் வைத்து, தெருவையே அழைத்து, எது யார் காலத்தில் வாங்கியது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். எஞ்சின் சேகரிப்புக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். புனேயில் ஜோஷி குடும்பம் 1998-இல் திறந்த சிறுரக ரயில் அருங்காட்சியகம் இதற்கு நல்ல சான்று. தனிமனித ஆர்வமாகத் தொடங்கியது, சிக்னலும் பாலமும் ஊருமாக ஓடும் காட்சியாகி, டிக்கெட் வாங்கி யாரும் பார்க்கும்படி வளர்ந்தது.

மாற்றியமைப்பதன் வலிமை

கடையில் இல்லாத எஞ்சினை உண்டாக்க ஒரே வழி, கிடைப்பதை மாற்றுவது. மேலோட்டமான மாற்றம் எண்ணை மாற்றுவது. கேபின் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணை ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக் குச்சியால் மெல்லத் தேய்த்து அகற்றி, நீரில் ஊறவைத்த ஒட்டுப்படமாக வரும் புதிய எண்ணை ஒட்டி, உலர்ந்ததும் மங்கிய வார்னிஷ் பூச வேண்டும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் அடிவண்ணம் வந்துவிடும். அந்தக் கணத்திலேயே சான்றிதழின் விலைமதிப்பும் போய்விடும்.

அடுத்த படி அழுக்கேற்றுவது. பிரிட்டிஷ் கையேடுகள் சொல்லும் சாம்பல் புகைக்கறை இங்கே போதாது. செம்மண் தூசி சக்கரச் சட்டத்தில் படிய வேண்டும். வால்வு கசியும் இடத்தில் வெந்நீர் வற்றி விட்டுப்போன வெள்ளை உப்புக்கோடு கொதிகலனில் இறங்க வேண்டும்.

ஆழமான மாற்றம் அளவிலிருந்து தொடங்குகிறது. 1:87 அளவில் மீட்டர் கேஜ் பாதை பதினொன்றரை மில்லிமீட்டர் அகலம் வரும், 12 மி.மீ. தண்டவாளம் அதற்குப் பொருந்தும். 1:120 அளவில் வெளிநாடுகளின் ஸ்டாண்டர்டு கேஜ் பாதைக்கும் அதே 12 மி.மீ. தண்டவாளம்தான். 2022-இல் ஹார்ன்பி தொடங்கிய 1:120 வரிசையில் பிளையிங் ஸ்காட்ஸ்மேனும் உண்டு. அதன் இயக்குசக்கரம் அசலில் 2032 மி.மீ. விட்டம், மாதிரியில் 17 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஒய்.பி.யின் சக்கரம் அசலில் 1372 மி.மீ.; 1:87-இல் கிட்டத்தட்ட 16 மி.மீ. இரண்டிலும் முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு என்ற சக்கர அமைப்பு. ஆக, அந்தப் புகழ்பெற்ற எஞ்சினின் சட்டத்தின் மேல் ஒய்.பி.யின் கொதிகலனையும் கேபினையும் டெண்டரையும் கட்டியெழுப்ப முடியும். சுமார் 22 சென்டிமீட்டர் நீளத்தில் விழுப்புரத்து எஞ்சின் ஒன்று மேசையில் நிற்கும். பெரிதாக வேண்டுவோருக்கு 45 மி.மீ. தோட்டப் பாதை இருக்கிறது. 1:22.5 அளவில் அது மீட்டர் கேஜையே குறிக்கிறது.

இந்த வேலையில் ஒருவர் கற்றுக்கொள்வது அதிகம். அளவு எடுப்பது, தகடு வெட்டுவது, பற்றவைப்பது, முப்பரிமாண அச்சுக்கு வரைவது, மோட்டாரையும் ஒலிச் சில்லையும் இணைப்பது என்று ஒரு பாலிடெக்னிக் பாடத்திட்டமே இதற்குள் இருக்கிறது. அசலில் ஒவ்வொரு பாகமும் ஏன் அந்த இடத்தில் இருந்தது என்ற கேள்விக்கும் கை வைத்தால்தான் விடை தெரியும். மாற்றியமைப்பவர்கள் மேல் எனக்குள்ள மரியாதைக்கு இதுவே முதல் காரணம்.

சான்று இல்லாத அழகு

ஆனால் இதே சுதந்திரம்தான் இந்தக் கலையின் மிகப் பெரிய ஆபத்து. திருத்தமாகச் செய்த பொய் மாதிரியை அடுத்த தலைமுறை உண்மை என்று நம்பிவிடும். 1975-ஆம் ஆண்டுத் திண்டிவனம் ஸ்டேஷன் என்று எழுதி, மேலே கம்பியே இல்லாத பாதையில் ஒய்.பி. ஒன்று சென்னை விரைவு வண்டியை இழுப்பதுபோல் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். வரலாறு வேறு. அப்போது அந்தப் பாதையில் கம்பி இருந்தது. விரைவு வண்டிகளை ஜப்பானில் கட்டிய ஒய்.ஏ.எம்.-1 மின்சார எஞ்சின்கள் இழுத்தன. அதே காட்சியை 1950-களின் கடைசியில் வைத்தால் பொருந்தும். 1975-லேயே வைக்க வேண்டுமென்றால் விழுப்புரத்துக்குத் தெற்கே, திருச்சிப் பாதையில் வைக்கலாம். டெண்டரில் பழைய சவுத் இந்தியன் ரயில்வே என்று எழுதுவதும் இப்படித்தான். அந்த ரயில்வே 1951-இல் தெற்கு ரயில்வேயில் இணைந்துவிட்டது, ஒய்.பி.க்கள் பெருவாரியாக வந்ததே அதற்குப் பிறகு.

ஒலியிலும் இதே சிக்கல். பிளையிங் ஸ்காட்ஸ்மேனுக்கு மூன்று சிலிண்டர், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆறு வெடிப்பொலி. ஒய்.பி.க்கு இரண்டு சிலிண்டர், நான்கு ஒலி. சட்டத்தோடு வந்த ஒலிச் சில்லை அப்படியே விட்டுவிட்டால், கண்ணுக்கு விழுப்புரமும் காதுக்கு லண்டனுமாக இருக்கும். ஒருகாலத்தில் ரயில்வே குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டே வித்தியாசத்தைச் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையால் செய்த அரிய பித்தளை மாதிரியை வெட்டி வேறொன்றாக்கினால், அதைச் செய்தவரின் வேலைத்திறனுக்கான சாட்சி போய்விடும். உரிமை வாங்கியவருடையதுதான் என்றாலும், திரும்பக் கிடைக்காத பொருளின் மேல் அடுத்தவருக்கும் ஒரு பாத்தியதை இருக்கிறது. பெருவாரியாக வந்த ஞெகிழி உடலுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை. அதை வெட்டலாம், ஒட்டலாம், கெடுத்தும் கற்கலாம்.

யாருக்குக் கைக்கெட்டும்?

இந்தக் கலையின் கடைசிக் குறை விலை. பொம்மை, அளவு மாதிரிகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. கடைக்காரர் இறக்குமதி செய்தால் 200 பவுண்டு எஞ்சின் மற்ற வரிகளைச் சேர்க்கும் முன்பே 340 பவுண்டு ஆகிவிடும். திண்டிவனத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளத்தில் இது ஆடம்பரம். ஒரு மாணவருக்கு நினைத்துப்பார்க்கவும் முடியாது. நினைவு யாருடையதோ அவர்கள் கைக்கே அதன் உருவம் எட்டவில்லை. ஷெட்டில் கரி அள்ளியவர், பிட்டர், பயர்மேன் ஆகியோரின் பிள்ளைகளுக்கு எட்டாத ஒரு நீராவிப் பாரம்பரியம் அரைகுறையானது. அட்டையிலும் மரத்திலும், உள்ளூர் முப்பரிமாண அச்சிலும் செய்த மாதிரிக்கு எண்ணிட்ட சான்றிதழுக்கு இணையான மரியாதையைச் சேகரிப்பாளர் வட்டங்கள் கொடுக்கத் தொடங்கினால் நிலை கொஞ்சம் மாறும்.

இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்தால் என் முடிவு தெளிவாக இருக்கிறது. சேகரிப்பு கவனத்தைக் கற்றுத்தருகிறது, ஆனால் எதை நினைவில் வைக்க வேண்டும் என்ற தேர்வை விற்பவரிடம் விட்டுவிடுகிறது. மாற்றியமைப்பது அந்தத் தேர்வை நம்மிடம் திருப்பித் தருகிறது, கூடவே உண்மைக்கான பொறுப்பையும் நம் தலையில் வைக்கிறது. விழுப்புரத்துக்கு இரண்டாவதுதான் தேவை. அதற்கு நிபந்தனைகள் உண்டு. அரிய பிரதியை வெட்டாதீர்கள். சாதாரணப் பதிப்பை எடுங்கள். ஒவ்வொரு மாதிரியோடும் ஒரு தாள் இருக்கட்டும்: எந்த ஆண்டு, எந்தப் பாதை, எந்தப் புகைப்படம் அல்லது வரைபடம் ஆதாரம், எது ஊகம் என்று அதில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உண்மையான சான்றிதழ்.

அந்தத் தாளை எழுத உதவக்கூடியவர்கள் இன்னும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இருக்கிறார்கள். விழுப்புரத்தில் நீராவி எஞ்சினைத் தொட்டு வேலை பார்த்தவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். எஞ்சினை வாங்கும் பணத்தைச் சேர்க்க நேரம் இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்க அவ்வளவு நேரம் இல்லை. ஆகவே ஒய்.பி. கட்ட நினைப்பவர் முதலில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு ஓய்வுபெற்ற டிரைவர் ஒருவரின் வீட்டுக் கதவைத் தட்டட்டும். பெயிண்டும் பிரஷும் அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.