மேரியின் கையெழுத்து

வேலூரிலிருந்து போளூர் போகும் சாலையில் கண்ணமங்கலம் தாண்டினால் சந்தவாசல். படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே திரும்ப வேண்டும். மேற்கே ஜவ்வாது மலை. இந்த ஊரில் ஒரு அக்கா தன் பீரோவைத் திறந்து, ஆரணிப் பட்டுக்கு அடியிலிருந்து ஒரு சீட்டு அட்டையை எடுத்துக் காட்டினார். மாதத்துக்கு ஒரு கட்டம், ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் ரப்பர் முத்திரை. கடைசி நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. பணம் வாங்கியவர்கள் கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். "பொண்ணு கல்யாணத்துக்குன்னுதான் சார் கட்டினேன், அஞ்சு பவுன் பேசியிருந்தாங்க" என்றார். அட்டையை அவர் தூக்கி எறியவில்லை. பழையபடி பட்டுக்கு அடியிலேயே வைத்தார்.

அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் ஆங்கில எழுத்தாளர் ஆந்தனி டிரோலப்பின் 'தி வே வீ லிவ் நவ்' நாவலை மறுபடி எடுத்தேன். 1874, 1875இல் மாத வெளியீடாக வந்து முடிந்த நூல், நூறு அத்தியாயம். லண்டனில் வந்து இறங்குகிறான் மெல்மோட் என்ற பணக்காரன். எங்கிருந்து வந்தான், பணம் எப்படி வந்தது என்று எவருக்கும் தெரியாது. சால்ட் லேக் சிட்டியிலிருந்து மெக்சிகோவின் வேரா குரூஸ் வரை ரயில் பாதை என்று சொல்லிப் பங்கு விற்கிறான். பாதை போடுவது யாருடைய நோக்கமும் இல்லை. பங்கின் விலை ஏறினால் போதும். இயக்குநர் குழுவில் பிரபுக்கள் உட்கார்ந்து, படிக்காமலே தலையாட்டுகிறார்கள். சீனப் பேரரசருக்கு விருந்து வைக்கும் அளவுக்கு உயர்ந்து, பாராளுமன்ற உறுப்பினராகவும் ஆகிறான். கடைசியில் விஷம் குடித்துச் சாகிறான்.

இந்த நாவலைப் புகழ்கிறவர்கள் பெரும்பாலும் மெல்மோட்டையே புகழ்கிறார்கள். நிஜத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். ஜான் சாட்லியர் என்ற பாராளுமன்ற உறுப்பினர், தான் நடத்திய வங்கி மூழ்கும் தருவாயில் 1856இல் விஷம் அருந்தி இறந்தார். ஆனால் மோசடிக்காரனை மட்டும் வைத்து இந்த நூலை எடை போடுவது போதாது என்பது என் கருத்து. இதன் உயிர் அவன் மகள் மேரியிடம் இருக்கிறது.

மேரிக்கு வரன் பார்ப்பதும் ரயில்வே பங்கு விற்பதும் ஒரே வீட்டில், ஒரே ஆளால் நடக்கின்றன. நிடர்டேல் பிரபுவின் குடும்பம் எவ்வளவு தருவீர்கள், எப்போது தருவீர்கள் என்று பேரம் பேசுகிறது. ஃபீலிக்ஸ் கார்பரி என்ற அழகனுக்கு அவள் முகத்தைவிட அவளுடைய தொகைதான் கண்ணில் படுகிறது. அவனோடு ஓடிப்போக அவள் அப்பாவின் பணத்தைத் திருடிக் கொடுக்கிறாள்; அவன் அதைச் சீட்டாட்டத்தில் தோற்றுவிட்டு ஊரிலேயே தங்கிவிடுகிறான். அவள் மட்டும் லிவர்பூல் வரை போய்ப் பிடிபட்டுத் திரும்புகிறாள்.

அடுத்து வருவதுதான் நாவலின் உச்சம். நாளைக்குத் தான் விழுந்தாலும் கொஞ்சம் மிஞ்சட்டும் என்று மெல்மோட் ஒரு பெருந்தொகையை மகள் பேரில் போட்டு வைத்திருக்கிறான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பினாமி. நெருக்கடி வந்ததும் அதைத் திருப்பித் தரக் கையெழுத்துப் போடு என்கிறான். மேரி மறுக்கிறாள். அடிக்கிறான், அப்போதும் மறுக்கிறாள். பிறகு அவள் கையெழுத்தையும், சாட்சிக்குத் தன் குமாஸ்தா குரோலின் கையெழுத்தையும் அவனே போட்டுக்கொள்கிறான். தன் பெயரில் இருப்பது தன் எழுத்தில்லை என்று கண்டதும் குரோல் அவனை விட்டு விலகுகிறார். கல்யாணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மேல் முழு உரிமை இங்கிலாந்தில் வந்தது 1882இல்தான். அதற்கு முன்பே, விலை பேசப்பட்ட ஒரு பெண் 'போட மாட்டேன்' என்று நிற்பதை டிரோலப் எழுதினார். பத்திரமும் பெண்ணும் பேராசைக்கு ஒன்றுதான் என்பதை இவ்வளவு நேராகக் காட்டிய காட்சி அந்தக் காலத்து நாவல்களில் அரிது.

குறைகளும் சிறியவை அல்ல. ராஜர் கார்பரி என்ற கிராமத்து நிலக்கிழாரை எல்லோருக்கும் அளவுகோலாக நிறுத்துகிறார். நிலம் உள்ளவன் நேர்மையானவன், வெளியிலிருந்து வந்தவன் திருடன் என்ற எண்ணம் நூல் முழுக்க ஓடுகிறது. யூதர்களைப் பற்றிய பேச்சு பல இடங்களில் கூச வைக்கிறது. பிரெகர்ட் என்ற யூத வங்கியாளர் இதற்கு விலக்கு. மெல்மோட்டால் நஷ்டப்பட்டேன், லண்டனில் இரண்டாவது வீடு இப்போது முடியாது என்று மணக்க இருந்த பெண்ணுக்கு அவர் எழுதும் கடிதம் நூலிலேயே நேர்மையான பக்கம். தன் பாத்திரம் தன் முன்முடிவைத் தோற்கடிக்க டிரோலப் இடம் கொடுத்திருக்கிறார். அதை அவர் கணக்கில் வரவு வைக்கத்தான் வேண்டும்.

என்னால் மன்னிக்க முடியாத குறை வேறு. இந்த நாவலில் பணம் போட்டவன் வீடு இல்லை. பத்திரத்தை இழந்த சீமான் இருக்கிறான், நஷ்டப்பட்ட வங்கியாளர் இருக்கிறார். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கொடுத்த ஆள் ஒருவர்கூடக் கண்ணெதிரே வரவில்லை. டிக்கன்ஸ் இருபது ஆண்டுகளுக்கு முன்பே 'லிட்டில் டாரிட்'டில் மெர்டில் என்ற மோசடிக்காரனை எழுதியபோது, அந்தக் காய்ச்சல் ஏழைகள் குடியிருக்கும் சந்து வரை இறங்குவதைக் காட்டிவிட்டார். டிரோலப் விருந்து மண்டபத்தை விட்டு இறங்கவில்லை.

நமக்கு அந்த வீடுகள் தெரியும். 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவை மூடியபோது ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். கடன் கொடுத்தவர்களுக்காக வழக்காடிய வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியில் 1907இல் இந்தியன் வங்கி பிறந்தது. 2022 மே மாதம் ஆருத்ரா என்ற நிதி நிறுவனத்தின் மீது பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் பதிந்தது. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி என்று சொல்லி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியதாகக் குற்றச்சாட்டு. சந்தவாசலிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருக்கும் ஆரணியிலும் அதற்குக் கிளை இருந்தது.

இத்தனை வட்டி எப்படி வரும் என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். பேராசை என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறார்கள். அது பாதி உண்மைதான். முகூர்த்த மாதம் நெருங்குகிறது, பவுன் விலை ஏறிக்கொண்டே போகிறது, நெசவுக் கூலியில் ஐந்து பவுன் எப்படிச் சேரும்? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. பவுன் பேசுவது நிற்கவில்லை. அந்த அவசரத்தின் மேல்தான் மோசடிக்காரன் கடை விரிக்கிறான். லண்டனில் மெல்மோட் மகளைக் காட்டி மதிப்பு வாங்கினான். இங்கே பெண்ணைப் பெற்றவர்களின் பயத்தில் முதல் திரட்டுகிறார்கள். டிரோலப் முதல் பாதியை முழுசாகப் பார்த்தார். இரண்டாவது பாதி அவர் கண்ணில் படவில்லை.

ஆகவே என் முடிவு இது. மோசடியைப் பற்றிய நாவலாக 'லிட்டில் டாரிட்' இதைவிட ஆழமானது. கல்யாணமும் மோசடியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதப்படுவதைக் காட்டும் நாவலாக இதற்கு மேல் ஒன்றை நான் படிக்கவில்லை. மேரிக்காகவும் குரோலுக்காகவும் பிரெகர்ட்டின் கடிதத்துக்காகவும் நூறு அத்தியாயத்தையும் படிக்கலாம். ஆனால் பலருக்கும் ஜோடி சேர்த்து முடித்துவைக்கும் கடைசி அத்தியாயங்கள் பலவீனமானவை. அந்தச் சீட்டு அட்டையின் கதையைத் தமிழில்தான் எழுத வேண்டும். ஆரணியிலோ செய்யாற்றிலோ அட்டை வைத்திருக்கும் வீட்டிலிருந்து யாராவது அதை எழுதுங்கள்.