நகைப்பும் விசுவாசமும்

ஏட்றியன் பிளாஸ் என்னும் ஆங்கிலக் கிறிஸ்தவ எழுத்தாளர் 1987இல் வெளியிட்ட நாட்குறிப்பு வடிவான கற்பனை நூல், நகைப்புக்கென எழுதப்பட்டது. எனினும் போதகர் அதனை எளிதிற் புறந்தள்ளலாகாது. ஆசிரியர் பெயரையே தாங்கிய 37¾ வயதுத் தந்தை ஒருவர் தம் வீட்டையும் சபையையும் பற்றி அதில் எழுதுகிறார். மலையைப் பெயர்க்கும் விசுவாசத்தைப் பழக விரும்பும் அவர், முதற்படியாக ஒரு காகிதக் கிளிப்பை நகரும்படி கட்டளையிடுகிறார். அது அசையவில்லை.

இங்கு நகைக்கப்படுவது விசுவாசமன்று. அதனைத் தன் திறமையாக எண்ணிச் சோதித்துப் பார்க்கும் மனமே. மத்தேயு 17:20இன் கடுகுவிதை நம் ஆற்றலை அளக்கும் அளவுகோலன்று என்பதை, நாம் அரைமணி நேரம் பிரசங்கிப்பதினும் தெளிவாக அக்கிளிப்பு உணர்த்திவிடுகிறது.

நூலில் குறையும் உண்டு. கணவரின் பேதைமையை மனைவி ஆன் பொறுமையோடு தாங்குகிறார். அப்பொறுமையின்மேல் நகைச்சுவையைக் கட்டிய ஆசிரியர், அதற்கு அவர் செலுத்தும் விலையைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

மகன் ஜெரால்டு தந்தையைக் கேலி செய்கிறான், ஆயினும் வெறுப்பதில்லை. ஏனெனில் அத்தந்தை தம் குறையை மறைக்க முயன்றும் மறைக்கத் தெரியாதவர். பிரசங்க பீடத்தில் மறைக்கக்கூடியதை உணவு மேசையில் மறைக்க இயலாது. போதகர் இல்லத்துப் பிள்ளைகள் விசுவாசத்தைக் கற்பதும் இழப்பதும் பெரும்பாலும் அம்மேசையிலேதான்.