நிழல் நிற்கும் கலை

ஓர் அறை. சன்னல் வழியே சாய்ந்து விழும் காலை வெயில், சுவரோரம் ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் இருட்டு. கணினியில் உருவாக்கிய இந்தக் காட்சியை ஒற்றைப் படமாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓடவிட்டுப் பாருங்கள். கட்டிலடி இருட்டு உலைநீர் போலத் தளதளக்கும். ஆளில்லாத அறையில் சுவர் நெளியும்.

அனிமேஷன் படத்தில் பாத்திரம் ஓடுவதையும் அழுவதையும் பாராட்டப் பலர் இருக்கிறார்கள். அசையக் கூடாத பொருள் அசையாமல் நிற்பதும் ஒரு கலைதான். என் கண் முதலில் தேடுவது அதைத்தான்.

நடுக்கம் எங்கிருந்து வருகிறது? ஒரு பிக்சலின் நிறத்தை அறிய, ரெண்டர் மென்பொருள் கேமராவிலிருந்து கதிர்களை அனுப்புகிறது. கதிர் சுவரில் பட்டுத் தெறிக்கும், தரையில் படும், எப்போதாவது சன்னலைப் போய்ச் சேரும். ஒளியின் இந்தப் பயணத்தை ஜேம்ஸ் கஜியா 1986இல் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். சாதாரணக் காட்சிக்குக்கூட அதை முழுமையாகத் தீர்க்க வழியில்லை. அதனால் சில நூறு கதிர்களைக் குருட்டாம்போக்கில் விட்டுச் சராசரி எடுக்கிறோம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இங்கே செல்லாது. வெயில் நேரே விழும் தரைக்குச் சில சோறு போதும். கட்டிலடி இருட்டுக்கு ஆயிரம் சோறு நசுக்கினாலும் பதம் பிடிபடாது. பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களுக்கு வெவ்வேறு விடை கிடைக்கிறது, அதுதான் நாய்ஸ். அடுத்த ஃபிரேமில் வேறு கதிர்கள், வேறு புள்ளிகள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும்போது அது கொதிப்பாகிறது.

கணக்கும் கடுமையானது. நாய்ஸைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள், அதாவது பிக்சலுக்கு விடும் கதிர்கள், வேண்டும். ஒரு நிமிடப் படம் 1,440 ஃபிரேம். ஃபிரேமுக்கு 5 நிமிடம் என்றால் ஒரே கணினியில் 5 நாள் வேலை. நாய்ஸ் பாதியாகக் குறைய 20 நாள். எனவே சாம்பிளைக் கூட்டுவதற்கு முன் நாடி பார்க்கத் தெரிய வேண்டும்.

படம் முழுக்க ஒரே சீராக மணல் தூவியதுபோல் இருந்தால் சாம்பிள் போதவில்லை. ஒற்றைப் பிக்சல் மட்டும் பளிச்சென்று மின்னி மறைந்தால் அது ஃபயர்ஃப்ளை, மின்மினி. சின்னஞ்சிறு விளக்கின் ஒளி, பளபளக்கும் உலோகத்திலோ கண்ணாடியிலோ பட்டு, ஆயிரத்தில் ஒரு கதிருக்கு மட்டும் அகப்படுவதால் வருவது. கிளாம்ப் போட்டு அந்த உச்சத்தை வெட்டலாம். வெட்டிய அளவுக்குக் காட்சியில் ஒளியும் குறையும். விளக்கைச் சற்றுப் பெரிதாக்குவது பல நேரங்களில் நல்ல மருந்து. தூரத்தில் ஓடு பதித்த தரை மினுமினுத்தால், தொலைக்காட்சியில் நெருக்கக் கோடு போட்ட சேலை அலையடிக்குமே, அதே நோய். லான்ஸ் வில்லியம்ஸ் 1983இல் தந்த மிப்மேப் முறை, பரப்பின் மேல் போர்த்தும் படத்தைப் பல அளவுகளில் முன்கூட்டியே சுருக்கி வைத்து அதை அடக்குகிறது. இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நிறம் மாறி மாறி வெட்டினால் சாம்பிள் உதவாது. ஒன்றை மயிரிழை நகர்த்த வேண்டும். கேமரா நகர்ந்தும் புள்ளிகள் மட்டும் அழுக்குக் கண்ணாடியைப் போலத் திரையோடு ஒட்டி நின்றால், கதிர்களின் குருட்டாம்போக்கைத் தீர்மானிக்கும் சீட் எண் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறவில்லை என்று பொருள். பிளெண்டர் மென்பொருளின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் அந்த எண்ணுக்குப் பக்கத்திலுள்ள கடிகாரக் குறியை அழுத்தினால் தீர்ந்தது.

இந்தக் கலையில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் படம் ஒன்று உண்டு. 1984இல் லூகாஸ்ஃபிலிமில் தாமஸ் போர்ட்டர் உருவாக்கிய ஒற்றைப் படம் அது. 1, 9, 8, 4 என்று எண்ணிட்ட பில்லியர்ட்ஸ் பந்துகள். உருளும் பந்துகள் இழுபட்டு மங்க, நிழலோரங்கள் மெல்லக் கரைகின்றன. பிக்சலுக்கு 16 சாம்பிள்தான். போர்ட்டரும் ராபர்ட் குக்கும் லோரன் கார்ப்பென்டரும் அந்தச் சாம்பிள்களை நாற்று நட்டதுபோல் வரிசையில் வைக்கவில்லை, கைவிதைப்பாகச் சிதறவிட்டார்கள். வரிசையில் வைத்தால் பிழை படிக்கட்டாகவும் பட்டையாகவும் கண்ணில் குத்தும். சிதறவிட்டால் அதே பிழை மென்மணலாகிவிடும், கண் பொறுத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜான் யெல்லட், ரீசஸ் குரங்கின் விழித்திரையில் மையத்துக்கு வெளியே ஒளியுணர் செல்கள் வரிசையில்லாமல், ஆனால் ஒன்றையொன்று நெருக்காமல் சிதறிக் கிடப்பதைக் காட்டியிருந்தார். கண்ணுக்குள் ஏற்கெனவே இருந்த விதைப்புதான் திரைக்கும் வந்தது.

இன்று நாய்ஸைத் துடைத்தெடுக்கும் டீநாய்சர் இருக்கிறது. இன்டெல் 2019இல் திறந்த மூலமாக வெளியிட்ட ஓப்பன் இமேஜ் டீநாய்ஸ், ஒற்றைப் படத்தில் செய்வது அருமையான வேலை. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியே வழித்தெடுத்தால் ஒவ்வொன்றிலும் அதன் ஊகம் கொஞ்சம் மாறும். மணல் போய், சுவரில் மேகத் திட்டுகள் ஊர ஆரம்பிக்கும். மணலைவிடத் திட்டு பொல்லாதது. மணலைக் கண் மறந்துவிடும், திட்டைத் துரத்திக்கொண்டே இருக்கும். முன்பின் ஃபிரேம்களையும், ஒவ்வொரு பிக்சலும் நகர்ந்த திசையையும் சேர்த்துப் பார்க்கும் டீநாய்சர் இதைப் பெரிதும் தணிக்கும். அதற்கும் அடியில் போதுமான சாம்பிள் இருந்தாக வேண்டும்.

இந்த வேலையில் இறங்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழுப் படத்தையும் ரெண்டருக்கு அனுப்புமுன், காட்சியின் மிக இருண்ட மூலையை மட்டும் வெட்டியெடுத்து ஐந்து விநாடி ஓடவிட்டுப் பாருங்கள், முதலில் டீநாய்சர் இல்லாமல், பிறகு அதோடு. அந்த மூலையில் நிழல் நின்றால் வெளிச்சமான இடங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியிருக்காது.