வேகக் கார்களின் செங்கல்பட்டுச் சீமை

காஞ்சிபுரத்துக்காக ஒரு மலர் என்றால் பட்டும் கோயிலும் முதல் பக்கங்களைப் பிடித்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் 1968 முதல் 1997 வரை அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குத் தலைநகராக இருந்தது நம்முடைய ஊர். அந்த மாவட்டத்தின் எல்லைக்குள், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில் ஹெரால்டு கார் தொழிற்சாலை இருந்தது. வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்தது. 1990இல், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நாட்டின் முதல் நிரந்தரக் கார் பந்தயப் பாதை திறக்கப்பட்டது. இந்திய வேகக் கார் வரலாற்றின் ஒரு முக்கியப் பகுதி காஞ்சிபுரம் ஆட்சியரின் ஆளுகைக்குள் நடந்திருக்கிறது. இதை நம் ஊரில் யாரும் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

சோழவரத்திலிருந்து தொடங்குவதே முறை. செங்குன்றத்துக்கு அப்பால், கல்கத்தா சாலையை ஒட்டி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட ஓடுதளம் அது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஆண்டுதோறும் அங்கே பந்தயம் நடத்தியது. பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய கருண் சந்தோக்கின் தாத்தா இந்து சந்தோக் அந்தக் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். கோண்டல் அரச குடும்பத்து ஜாகுவார் அங்கே ஓடியது. 1980களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு என்சைன் ஃபார்முலா ஒன் காரையே கொண்டுவந்து ஓட்டினார். இலங்கையிலிருந்து ஓட்டுநர்கள் வந்தார்கள். பல்லாயிரம் பேர் கட்டுச்சோற்றோடு வந்து வெயிலில் நின்று பார்த்தார்கள்.

ஆனாலும் சோழவரம் ஒரு பள்ளியாக உருவானது ஜாகுவாராலும் என்சைனாலும் அல்ல, ஃபியட்டாலும் ஹெரால்டாலும்தான். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வழியில்லாத காலம் அது. புதிய உள்நாட்டுக் கார் வேண்டுமென்றாலும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேகமாகப் போக ஆசைப்பட்டவர் கையில் இருந்த குடும்பக் காரைத்தான் வேகமாக்க வேண்டியிருந்தது. 1,089 சிசி ஃபியட் எஞ்சினின் ஹெட்டை லேத் பட்டறையில் இழைத்து அழுத்தத்தைக் கூட்டினார்கள். இழைப்பு கொஞ்சம் மிஞ்சினால் அன்றைய பெட்ரோலுக்கு எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். தட்டலைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். உறிஞ்சு வழியையும் புகைபோகும் வழியையும் கையால் தேய்த்து வழுவழுப்பாக்குவது, ஒற்றைக் கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டைப் பொருத்தி இரண்டும் ஒரே அளவில் மூச்சு வாங்கும்படி காதை வைத்துச் சரிசெய்வது, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியரைத் தரைக்குக் கொண்டுவருவது எல்லாம் பட்டறையில் பார்த்துப் பழகிய வேலைகள். பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடும் இருந்தன.

ஹெரால்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1961 முதல் நம் மண்ணில் தயாரான இந்தக் காருக்கு ஒரு பெரிய உறவு உண்டு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் இதே ஹெரால்டின் அடிச்சட்டத்திலிருந்து பிறந்தது. அதாவது சென்னையில் மருத்துவர்களும் வக்கீல்களும் நீதிமன்றத்துக்கும் கிளினிக்குக்கும் ஓட்டிப்போனது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் அண்ணனை. முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறக்கும்; சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் அதை விரும்பியதற்கு அது போதும். ஆனால் பின்பக்க அச்சு இரண்டு துண்டாக ஆடும் வகை. வளைவில் வேகமாக நுழைந்து பயத்தில் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடிந்து கார் சுழன்றுவிடும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும், வளைவுக்குள் காலை நிதானமாக வைத்திருக்க வேண்டும் என்ற பாடத்தை ஒரு தலைமுறைக்கு ஹெரால்டு கற்றுக்கொடுத்தது. இன்றைக்கு மின்னணு உதவியோடு வரும் எந்த விலையுயர்ந்த காரும் அந்தப் பாடத்தை அவ்வளவு தெளிவாகக் கற்றுத்தராது.

சோழவரத்தின் தளம் ஆங்கில எழுத்து ‘T’ வடிவில் இருந்தது. நீண்ட நேர்பாதை, முடிவில் கூர்மையான திருப்பம். அதனால் அந்தப் பள்ளியின் அளவுகோல் இரண்டே: எஞ்சினுக்கு எவ்வளவு மூச்சு இருக்கிறது, கடைசிச் சுற்று வரை பிரேக் மிஞ்சுகிறதா. டிரம் பிரேக் சூடேறினால் மிதி இருக்கும், பிடிப்பு இருக்காது. முதல் சில சுற்றுகளில் எல்லாரையும் முந்தியவர் பாதியில் நின்றதும், பிரேக்கைச் சேமித்து ஓட்டியவர் கோப்பையோடு போனதும் அங்கே வழக்கம்.

கோவைப் பள்ளி வேறு மாதிரி. அங்கே பம்ப் செட்டும் வார்ப்படமும் நூற்பாலை எந்திரமும் செய்து பழகிய கைகள். இருக்கும் காரைத் திருத்துவதோடு நிற்காமல், காரையே செய்துவிடலாம் என்று நினைத்த ஊர் அது. லட்சுமி மில்ஸ் குடும்பத்து எஸ். கரிவரதன் அந்த நினைப்பின் முழு உருவம். 1980களின் பிற்பாதியில் அவர் ஒரு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். குழாய்ச் சட்டம், அதன் பின்பக்கம் மாருதி 800இன் 796 சிசி எஞ்சின். ஃபார்முலா மாருதி என்று பெயர். சக்தி குறைவுதான். ஆனால் எல்லாருக்கும் ஒரே கார், ஒரே எஞ்சின், நாட்டின் எந்தத் தெருவிலும் கிடைக்கும் பாகம். பணத்தால் வாங்க முடியாதபடி பந்தயத்தை ஓட்டுநரின் திறமைக்குக் கொண்டுவந்துவிட்டார் மனிதர். என் கணிப்பில் இந்திய மோட்டார் பந்தயத்துக்கு ஒருவர் செய்த மிகப் பெரிய காரியம் அது.

விளைவைப் பாருங்கள். கோவை நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம். டயர் பிரச்சினையால் ஆறு கார்களே ஓடிய பந்தயம்தான், இருந்தும் புள்ளி புள்ளிதான். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ரேலியில் வென்றவர். குடும்பமே அந்த மண்ணில் விளைந்தது. 1995இல் ஒரு சிறு விமான விபத்தில் கரிவரதன் இறந்துவிட்டதால் இதையெல்லாம் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. செட்டிபாளையத்துப் பந்தயப் பாதை அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று விளங்குகிறது. கோவையின் ஜே. ஆனந்த் நடத்தும் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 2018இல் டியாகோ காரை டர்போ எஞ்சினும் தாழ்ந்த ஸ்பிரிங்கும் கொண்ட வேகக் காராக்கி ஷோரூமுக்கே கொண்டுவந்தது. அதுவும் இதே பள்ளியின் நீட்சி. விற்பனை அதிகம் போகவில்லை, 2020இல் நின்றுவிட்டது. வாங்கியவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.717 கிலோமீட்டர். வளைவுகளை சி1, சி2 என்று எண்ணால்தான் அழைப்பார்கள். நேர்பாதையின் முடிவில் வரும் சி1 வேகமான வளைவு. காரின் மேல் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது அங்கே ஒளிக்க முடியாமல் தெரிந்துவிடும். சோழவரம் எஞ்சினைக் கேட்டது என்றால் இந்தப் பாதை சஸ்பென்ஷனைக் கேட்கிறது. டயர் அழுத்தம், சக்கரச் சாய்வு, ஸ்பிரிங், டாம்பர் என்று ஒன்றை மாற்றினால் மற்றொன்று மாறும். எம்ஆர்எஃப் 2000 ஒற்றை இருக்கைக் கார்கள் ஒரு சுற்றைச் சுமார் ஒன்றரை நிமிடத்தில் முடிக்கின்றன. பின்னாளில் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய மிக் ஷூமாக்கர் 2017 தொடக்கத்தில் இங்கே ஓட்டினார். 2019 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் எம்ஆர்எஃப் சாலஞ்ச் பந்தயத் தொடரின் பட்டத்தை இதே பாதையில் வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் பெண் அவர். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடத்தில் நடந்த செய்தி இது.

இந்த மரபில் ஓட்டுநரையும் மெக்கானிக்கையும் பிரிக்க முடியாது என்பதை நம் ஊர்க்காரருக்கு விளக்கத் தேவையில்லை. கோர்வைப் புடவை நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும்: நெய்பவர் ஒருவர், கரை நாடாவை மறுபக்கத்திலிருந்து எறிபவர் ஒருவர். அவர்களின் கை ஒன்றாகப் போகாவிட்டால் உடலும் கரையும் சேரும் இடத்தில் பிசிறு தெரியும். பந்தயத்திலும் அப்படித்தான்: ‘வளைவின் நடுவில் முன்பக்கம் ஒதுங்குகிறது’ என்று ஓட்டுநர் துல்லியமாகச் சொல்ல வேண்டும். எதை எத்தனை திருகு மாற்ற வேண்டும் என்று மெக்கானிக்குக்குப் புரிய வேண்டும். ‘கார் சரியில்லை’ என்று மட்டும் சொல்லத் தெரிந்தவர் எந்தப் பள்ளியிலும் தேறமாட்டார்.

பழைய கார்களைக் காப்பவர்களும் இந்த மரபின் ஒரு கிளை. கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் 2015இல் திறந்த கார் அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கலாம். சென்னையில் இன்றும் ஓடும் ஹெரால்டுகளைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு ஒரே கவலைதான்: இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் வாஷர்களையும் அரிக்கிறது. அவற்றை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றாமல் ஓட்டுவது தீப்பிடிக்க அழைப்பு விடுப்பது.

இனி இன்றைய சொந்தக்காரர்களுக்கு. இறக்குமதி வரியால் விலை இரட்டிப்பானாலும் போர்ஷேயும் அதுபோன்ற கார்களும் இன்று காஞ்சிபுரம் வழியாகப் போகும் பெங்களூர் சாலையில் சாதாரணமாகத் தென்படுகின்றன. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் சர்வீஸ் புத்தகம் குளிர்நாட்டுக்கு எழுதியது என்பதை மறக்க வேண்டாம். பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். நம் கடற்கரைக் காற்றில் அதை ஆண்டுக்கொரு முறை மாற்றுவதே சரி. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் வயதான டயர் பிடிக்காது. அதிகம் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் கார்களுக்கே இந்த ஆபத்து அதிகம். வேகமாக ஓட்டியபின் கடைசிச் சில கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, பிரேக்கும் டர்போவும் ஆறிய பின்னரே நிறுத்துங்கள். பாதையில் ஒவ்வொரு பந்தயமும் காரை ஆறவிடும் சுற்றோடு முடிவது இதற்காகவும்தான்.

எனக்குக் கோபம் வருவது ஒன்றில். நள்ளிரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பந்தயம் விடுகிறவர்களும் தங்களை இந்த மரபில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு அதைக் குற்றம் என்கிறது. மரபோ அதைக் கற்றுக்குட்டித்தனம் என்கிறது. நேர்ச்சாலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்கத் திறமை எதுவும் வேண்டாம். பத்துச் சுற்றையும் அரை நொடி வித்தியாசத்துக்குள் ஓட்டிக் காட்டுவதே தேர்ச்சி. நடிகர் அஜித்குமாரைப் பின்பற்றுவதாகச் சொல்லும் இளைஞர்கள் அவர் வந்த வழியைப் பார்க்க வேண்டும்: ஃபார்முலா மாருதி, ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் வகையில் மூன்றாம் இடம் பெற்றது அதன்பிறகு. எல்லாமே வேலி போட்ட பாதையில், ஹெல்மெட்டோடு, பாதையைக் கண்காணிக்கும் மார்ஷல்களின் கண்ணெதிரே.

ஆகவே வேகத்தில் ஆசை உள்ள இளைஞர்கள் முதலில் இருங்காட்டுக்கோட்டைக்குப் பார்வையாளராகப் போங்கள். பிறகு மார்ஷலாகச் சேருங்கள். கொடி பிடித்து வளைவோரம் நின்றவருக்கு ஓட்டும்போது கண் வேறுமாதிரி வேலை செய்யும். அதற்குப் பின் காரை எடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது பெரியவர்களுக்கு. சோழவரத்தில் ஓட்டியவர்களின் பெயர்கள் கோப்பைகளில் இருக்கின்றன. அந்த எஞ்சின்களைக் கட்டிய மெக்கானிக்குகள், லேத்காரர்கள், வெல்டர்களின் பெயர்கள் அநேகமாக எங்கும் பதிவாகவில்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒருவர் இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள், பழைய படங்களைத் தேடி எடுங்கள். அடுத்த மலரில் அந்தப் பெயர்கள் அச்சாக வேண்டும்.