வாயிலோடு நின்ற நீதி

கி.மு. 44. சீசர் குத்திக் கொல்லப்பட்டு, அடுத்து ஆளப்போவது யாரோ என்று ரோம் அஞ்சிக் கிடந்த ஆண்டு. அந்த ஆண்டின் இறுதியிலே, தலைநகரை விட்டு ஒதுங்கியிருந்த 62 வயது முதியவர் ஒருவர், ஏதென்ஸ் நகரில் பயின்றுகொண்டிருந்த தம் மகனுக்கு மூன்று பகுதிகள் கொண்ட ஏடொன்றைத் தீட்டினார். முதியவர், சிசரோ. ஏடு, 'கடமைகள்'.

இந்த ஏட்டை நாம் படிக்கத்தான் வேண்டும். ஆனால், கைகட்டி நின்று அல்ல. கண் திறந்து படிக்க வேண்டும்!

ஆட்சி என்பது என்ன? தாய் தந்தையை இழந்த சிறுவனின் உடைமையைக் காத்து நிற்கும் பொறுப்பு போன்றது என்கிறார் சிசரோ. காப்பவனின் நலனுக்காக அல்ல, காக்கப்படுபவனின் நலனுக்காகவே அந்தப் பொறுப்பு! மக்களில் ஒரு சாராரை மட்டும் பேணி, மற்றவரை மறப்பவன் நாட்டிலே பிளவை விதைக்கிறான் என்றும் எச்சரிக்கிறார். போர் பற்றியும் தெளிவாகவே பேசுகிறார்: வாதிட்டுத் தீர்ப்பது மனிதனின் வழி, வலிமையால் தீர்ப்பது விலங்கின் வழி, முன்னது பயன்படாதபோதே பின்னது, அதுவும் அநீதியற்ற அமைதிக்காகவே. அறத்திற்கு முரணானது எதுவோ, அது பயனும் தராது என்பதே ஏட்டின் அடிநாதம்.

நல்ல அளவுகோல். அந்த அளவுகோலை அவர் கையிலிருந்தே வாங்கி, அவரையே அளந்து பார்ப்போமே!

கி.மு. 146இல் ரோமப் படை கார்த்தேஜையும் கொரிந்தையும் அழித்தது. கொரிந்துக்காக வருந்தும் சிசரோ, கார்த்தேஜின் அழிவைத் தவறென்று கூறவில்லை. சட்டத்தையும் உரிமையையும் மிதித்தவர் என்று சீசரைச் சாடுகிறார், ஆனால், கி.மு. 63இல் ரோமின் உயர் ஆட்சித் தலைவராக இருந்தபோது, சதிக்குற்றம் சாட்டப்பட்ட ஐவரை வழக்குமன்ற விசாரணையின்றிக் கொல்லச் செய்தவர் அவரே! அதன் விளைவாகத்தான் கி.மு. 58இல் நாடு கடந்து வாழ நேர்ந்தது.

உழைப்பாளியைப் பற்றிப் பேசும்போது, முகமூடி முழுதும் கழன்று விழுகிறது. உடல் உழைப்பை விற்றுக் கூலி பெறுவோரின் பிழைப்பு இழிவானதாம். பெறும் கூலியே அடிமைத்தனத்தின் அடையாளமாம்! கைத்தொழில் செய்வோரும் அவர் கண்ணுக்குத் தாழ்ந்தவரே. அடிமைக்கும் நீதி காட்டுக என்கிறார். அடிமை என்றொருவன் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்டாரில்லை. நிலத்தைப் பங்கிடும் சட்டமோ அவருக்கு வேம்பு. உடைமையைக் காக்கவே அரசு தோன்றிற்றாம்! எல்லோரையும் காக்கும் பொறுப்பு என்றாரே, அந்த 'எல்லோர்' யார்? மாளிகை வாயிலோடு நின்றுவிட்டது நீதி!

அதே ஆண்டில் அவர் எழுதிய மற்றோர் ஏடு, குறி பார்த்தல் பற்றியது. பறவை பறப்பதைக் கண்டும், பலியிட்ட விலங்கின் குடலைக் கண்டும் வருங்காலம் உரைப்பது வெறும் புரட்டு என்று அடுக்கடுக்காக நிறுவுகிறார். ஆனால், பறவைக்குறி பார்க்கும் அரசாங்கக் குழுவிலே உறுப்பினரும் அவரே! பொய்யென்று தெரிந்தும், மக்கள் நம்பிக்கையையும் நாட்டின் நன்மையையும் காட்டி, அந்த முறை நீடிக்கட்டும் என்கிறார். அறிவு தமக்கு, அச்சம் மக்களுக்கு! இதுவா நல்லாட்சி?

கி.மு. 43 டிசம்பரில், ஆன்டனியின் ஆட்கள் அவரைக் கொன்றனர். எந்த மேடையிலே முழங்கினாரோ, அந்த மேடையிலேயே அவர் தலையும் கையும் மாட்டப்பட்டன. விசாரணையில்லை, வழக்கில்லை. இதைக் கண்டு மகிழ்பவரல்ல நாம். விசாரணையின்றிக் கொல்வது, அவர் செய்தபோதும் கொடுமை. அவருக்குச் செய்யப்பட்டபோதும் கொடுமையே.

இளைஞர்களே! ஏட்டை எரிக்கச் சொல்லவில்லை நாம். ஏற்றித் தொழவும் சொல்லவில்லை. ஆள்வோன் காப்பாளன் என்ற கருத்தை எடுத்துக்கொள்வோம். அவர் அடைத்துவிட்ட வாயிலை மட்டும் திறந்துவிடுவோம் — கூலிக்காரனும் கைத்தொழிலாளியும் உள்ளே வரட்டும்!